குடைக்கு அறுபதில் ஐம்பத்தேழு

அன்று கலைமதி கேட்ட முதல் கேள்வி மிகச் சாதாரணமானது.

"மொத்தம் எத்தனை வீடுக்கா போனீங்க?"

"அறுபது," என்றாள் செண்பகம்.

"அறுபது வீட்லயும் ஆள் இருந்தாங்களா?"

"கத்திரி வெயிலு. எங்க போவாங்க பாப்பா? எல்லாம் இருந்தாங்க."

"அறுபதுல அம்பத்தேழு பேர் குடைக்கு ஓட்டுப் போடுவேன்னு சொல்லியிருக்காங்க."

"ஆமா."

"மீதி மூணு?"

"ஒரு பெரியவருக்குக் காது கேக்கலை. ஒருத்தரு பொஞ்சாதிய கேட்டுத்தான் சொல்லுவேன்னாரு, அந்தம்மா களை எடுக்கப் போயிருந்திச்சி. இன்னொரு வூட்ல நாய் உள்ள வுடலை."

விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் இரண்டு அறைகள்தான் அந்த அலுவலகம். கலைமதி கணினித் திரையைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தாள். திரை மாறவில்லை.

"சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் பாதிக்குப் பாதி வருது. நீங்க போன ஊர்ல மட்டும் எப்படிக்கா தொண்ணூத்தஞ்சு பர்சென்ட்?"

"அத அவங்களத்தான் கேக்கணும். அவங்க சொன்னாங்க, நான் டேப்லட்ல தட்டினேன்."

அடுத்த கேள்வியைக் கலைமதி கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பயிற்சிக் கையேட்டின் எட்டாம் பக்கத்தில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் கையேட்டை நம்புகிறவள்.

"எங்கயாவது நிழல்ல உக்காந்துக்கிட்டு நீங்களே தட்டிட்டீங்களா?"

செண்பகம் டம்ளரில் இருந்த டீயை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். டம்ளரை ஓசையில்லாமல் மேசையில் வைத்தாள். அதுவரை பாப்பாவாக இருந்த கலைமதி அந்த நொடியில் மேடம் ஆனாள்.

"மேடம், ஒண்ணு பண்ணுங்க. நீங்களே அந்த ஊருக்குப் போங்க. ஒரே ஒரு வூட்ல செண்பகம் வரலைன்னு சொன்னாங்கன்னா, இந்த டேப்லட்ட உங்க மேசை மேல வச்சிட்டு நான் கூலிக்கு மல்லாட்டை ஆயப் போயிடறேன்."

எழுந்தாள். சுவரோரம் சாத்தியிருந்ததை எடுத்துக்கொண்டு, படிகள் அதிர இறங்கிப் போனாள்.

செண்பகத்தை அறியாதவர்களுக்கு அவள் கோபம் சற்று அதிகம் என்று தோன்றலாம். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் வாசலில் நின்று கேள்வி கேட்டே பிழைத்தவள் அவள். சோப்பு, பற்பசை, கொசுவத்தி, சர்க்கரை நோய், வீட்டில் கழிப்பறை உண்டா, உண்டென்றால் அதில் போகிறீர்களா அல்லது விறகு அடுக்கியிருக்கிறீர்களா என்று அவள் கேட்காத கேள்வி கிடையாது. வானூரிலிருந்து கண்டமங்கலம் வரை அவள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெரு அபூர்வம். இத்தனை வருடத்தில் ஒரு படிவத்தைக்கூட அவள் வீட்டில் உட்கார்ந்து நிரப்பியதில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்த விதமே தனி. திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவள் குடியிருக்கும் தெருவுக்கு, சென்னையிலிருந்து ஒரு பெண் ஷாம்பு சர்வேக்கு வந்தாள். "நீங்கள் கூந்தலை எந்த இடைவெளியில் தூய்மை செய்கிறீர்கள்?" என்று அச்சில் இருந்ததை அப்படியே படித்தாள். தெருவே விழித்தது. ஒரு அம்மாள், சுனாமிக்குக் கொடுக்கும் நிவாரணம் என்று நினைத்து ரேஷன் கார்டை எடுத்துவர உள்ளே ஓடினாள். மகள் அன்புச்செல்வியைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற செண்பகம், "வாரத்துக்கு எத்தினி தபா தலைக்கு ஊத்திக்கிறீங்கன்னு கேக்குதுங்க," என்றாள். அவ்வளவுதான், தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் நாற்பது படிவம் நிறைந்தது. அடுத்த மாதம் அந்தக் கம்பெனி, பத்தாவது படித்த செண்பகத்தையே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர் அவள் கணவர் வெங்கடாசலம். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை அவருக்கு. வம்புதும்பு அறியாத மனிதர்.

"கொழம்பு எப்டி இருக்குது?" என்பாள் செண்பகம்.

"நல்லாருக்குது."

"ரொம்ப நல்லாவா, நல்லாவா, சுமாராவா?"

"ரொம்ப நல்லா."

"போன வாரம் வச்சதோட பாத்தா?"

தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். பிற்பாடு படிவங்களைப் புரட்டிப் பார்த்து, இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சட்டப்படித் தப்பிக்க ஒரு வழி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். அதன்பின் செண்பகம் வாயைத் திறந்தாலே, "எனக்குக் கருத்து இல்லை," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

கலைமதி வேறு மாதிரி. விழுப்புரத்தில் ஆங்கிலப் பள்ளி, புதுச்சேரியில் புள்ளியியல் பட்டமேற்படிப்பு. எண்களோடு நாள் முழுக்கப் பேசச் சொன்னால் பேசுவாள். அறிமுகமில்லாத வீட்டின் கதவைத் தட்டச் சொன்னால் கைப்பையில் இல்லாத எதையோ தேடுவாள். சென்னைக் கம்பெனிக்காக மாவட்டத்துச் சர்வேக்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு.

அப்போது திண்டிவனத்துக்கு அந்தண்டை ஓர் இடைத்தேர்தல். இரண்டு கூட்டணிகளும் தொகுதியை ஆளுக்கொரு சின்னக் கட்சிக்கு விட்டுக்கொடுத்திருந்தன. அந்தக் கட்சிகளுக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. சர்வே தொடங்கும் வாரத்தில்தான் ஒன்றுக்குக் குடையும் மற்றதற்கு ஹெல்மெட்டும் ஒதுக்கினார்கள். ஊரில் யாரும் கட்சிப் பெயரையோ வேட்பாளர் பெயரையோ சொல்லவில்லை. குடை, ஹெல்மெட், அவ்வளவுதான். போட்டி கடுமை. ஆயிரம் ஓட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று டீக்கடைகளில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தொலைக்காட்சிக்குக் கணிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

இப்படி இழுபறியான இடத்தில் ஒரு கிராமம் மட்டும் தொண்ணூற்றைந்து சதவீதம் ஒரு பக்கம் சாய்ந்தால், ஒன்று அந்த ஊரில் அதிசயம் நடந்திருக்க வேண்டும், அல்லது கணக்கெடுத்தவர் கை வைத்திருக்க வேண்டும். கையேடு அதிசயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கை வைத்தவர்களைப் பற்றி விரிவாகவே சொன்னது. ஒருமுறை "மோசடி" என்று பதிந்துவிட்டால் அந்த ஆளின் அடையாள எண் எல்லாக் கம்பெனிகளுக்கும் போய்விடும். பிறகு கொசுவத்தி சர்வேக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். செண்பகத்தின் பத்தொன்பது வருடம் இப்போது கலைமதியின் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கலைமதி ஸ்கூட்டரில் அந்த ஊருக்குப் போனாள். பிரம்மதேசம் தாண்டிச் சின்ன ஊர். பால் சொசைட்டி அருகே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முன்பொருமுறை ஹெல்மெட்டைப் பறிகொடுத்தவள், ஆகையால் இந்த ஹெல்மெட்டைப் பால் தூக்குவாளி போல முழங்கையில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்தாள்.

முதல் வீடு பாஞ்சாலி வீடு. ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருப்பவள். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ரெண்டு நாள் முன்னாடி ஒருத்தங்க சர்வேக்கு வந்தாங்களா?"

"வந்தாங்களே. ஒசரமா, கணீர்னு பேசிக்கினு. மோர் குடுத்தேன், குடிச்சிட்டுப் போனாங்க."

கலைமதிக்கு நிம்மதியாக இருந்தது. வந்திருக்கிறாள். மரத்தடியில் உட்காரவில்லை. அத்துடன் திரும்பியிருக்கலாம், ஆனால் பதிலையும் சரிபார்க்க வேண்டும் என்கிறது கையேடு.

"நீங்க எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடப் போறீங்கம்மா?"

பாஞ்சாலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை முழங்கையில் வந்து நின்றது. முகம் மலர்ந்தது.

"ஹெல்மெட்டுக்குத்தான் கண்ணு. இதுல இன்னா சந்தேகம்?"

"அன்னிக்கு அவங்ககிட்ட வேற சொன்னீங்களாமே?"

"நானா? எவ சொன்னது?"

இரண்டாவது வீட்டில் ஹெல்மெட். மூன்றாவதில் ஹெல்மெட், கூடவே ஒரு சொம்பு தண்ணீர். நான்காவதில் கணவனும் மனைவியும் ஒரே குரலில் ஹெல்மெட். காது கேட்காத பெரியவருக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. கலைமதியைப் பார்த்தார், தன் மண்டையை இரண்டு தட்டுத் தட்டினார், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பத்து வீட்டுக்குப் பத்து.

பிரம்மதேசம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கலைமதி சென்னைக்கு மின்னஞ்சல் எழுதினாள். களப்பணியாளர் வீடுகளுக்குச் சென்றது உண்மை. ஆனால் பதில்களை மாற்றிப் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியதால் அந்த வாக்கியம் யாரோ எழுதியது போல் சுலபமாக வந்தது. தமிழில் என்றால் செண்பகம் அக்கா பொய் சொல்லிவிட்டாள் என்று எழுத வேண்டியிருந்திருக்கும். அனுப்பினாள். சென்னை மேலாளர் கோபியிடமிருந்து இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: முடக்கியாயிற்று.

அந்த இரண்டாவது நிமிடத்தில் செண்பகம் தன் பட்டியலின் அடுத்த ஊரில் பிரான்சிஸ் என்ற கொத்தனார் வீட்டில் ஏழாவது கேள்வியில் இருந்தாள். டேப்லட் கறுத்தது. பிரான்சிஸ் பயந்துபோய், "இன்னாக்கா, என் ஓட்டு செல்லாதா?" என்று கேட்டாராம்.

கலைமதியின் போன் அடித்தது.

"மேடம், மிஷினு பூட்டிக்கிச்சி. மோசடின்னு செவப்புல எழுதியிருக்குது. யார சொல்லுது?"

"பிரம்மதேசம் டீக்கடையில இருக்கேன். வாங்க," என்று மட்டும் சொன்னாள் கலைமதி.

முக்கால் மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் செண்பகம். கலைமதி தன் பத்து வீட்டுக் கணக்கைக் காட்டினாள். செண்பகம் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்த டீக்கடைக்காரர் தமிழ்மணி பாய்லரின் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தார். ஆனால் அவள் கத்தவில்லை.

"மோர் குடுத்துச்சே, அந்தப் பாஞ்சாலியும் மாத்திச் சொல்லிச்சா?"

"ஆமாக்கா."

"எழுந்திரு. வா."

மேடமும் இல்லை, பாப்பாவும் இல்லை. இரண்டு கிலோமீட்டர். செண்பகம் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். கலைமதிக்கு வழி நெடுக முதுகு சுட்டது.

பாஞ்சாலி முறத்தோடு அதே இடத்தில் இருந்தாள். தலைக்கு மேல் ஒரு கறுப்புக் குடையும், ஒரு முழங்கையில் வெள்ளை ஹெல்மெட்டும் ஒன்றாகத் தன் வாசலுக்கு வருவதைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்துக்கிறீங்க? கூட்டணி ஆயிடுச்சா?"

"இன்னா கூட்டணி?" என்றாள் செண்பகம். "நீ என்கிட்ட குடைன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"இந்தப் பொண்ணுகிட்ட ஹெல்மெட்டுன்னு சொன்னியா?"

"அதுவும் சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப?"

"அதுக்கு இன்னாவா? என் பொழப்பே போச்சு!"

பாஞ்சாலிக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "தனித்தனியா வந்தீங்க, தனித்தனியா சொன்னேன். இப்பிடி ஒண்ணா வந்து நிப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? வெயில்ல வாசலாண்ட வந்த பொம்பளைய மொகம் வாட அனுப்புவாங்களா? நாலு கட்சிக்காரனுங்க வந்தானுங்க, நாலு பேருக்கும் உங்களுக்குத்தான்னேன். ஒருத்தன் கொறைபட்டுக்கலை."

"அம்மா, நாங்க கட்சி இல்லை. சர்வே," என்றாள் கலைமதி மெதுவாக.

"எல்லாக் கட்சிக்காரனும் சர்வேன்னுதான் சொல்லிக்கினு வர்றான். அவங்க குடைய தூக்கிக்கினு வந்தாங்க, நீ ஹெல்மெட்ட தூக்கிக்கினு வந்த. கேக்கறதுக்கு முன்னாலயே கையில காட்டிட்டு, அப்புறம் இன்னா கேள்வி?"

கலைமதி தன் முழங்கையைப் பார்த்தாள். செண்பகம் அண்ணாந்து பார்த்தாள்.

பன்னிரண்டு வருடத்துக் குடை அது. கொசுவத்திக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. மூக்கு எப்படியோ அப்படி அவளுக்கு; இருப்பதே நினைவில் இருக்காது. அந்த வாரம் ஊருக்கு ஊர் குடைக்காரர்கள் குடை பிடித்து ஊர்வலம் போனதும், ஹெல்மெட்காரர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கைகூப்பியதும் இருவருக்கும் தெரியும். ஆனால் அதையும் தங்கள் கையில் இருந்ததையும் சேர்த்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. வீட்டுக்கு வீடு பளிச்சென்று பதில் வந்தபோது, அட, எவ்வளவு வெளிப்படையான ஊர் என்று செண்பகம் மெச்சிக்கொண்டாளாம்.

"ஆரோக்கியராஜு போன ஊர்ல மட்டும் எப்டி ஒழுங்கா வந்துச்சி?" என்றாள் செண்பகம்.

ஆரோக்கியராஜ் இன்னொரு கணக்கெடுப்பாளர். சுத்துப்பட்டு ஊர்கள் அவன் பொறுப்பு. பைக்கில் போகிறவன், போலீஸ் எத்தனை முறை அபராதம் போட்டும் ஹெல்மெட் வாங்காதவன். மாவட்டத்திலேயே நம்பகமான புள்ளிவிவரம், சட்டத்தை மதிக்காத ஒருவனால் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் இதற்கு எந்தச் சூத்திரமும் சொல்லித் தரவில்லை.

செண்பகம் குடையை மடக்கினாள். "இப்ப சொல்லு பாஞ்சாலி. நெசமா யாருக்குப் போடுவ?"

"அத எங்க வூட்டுக்காருக்கே சொல்லலை. உனக்குச் சொல்லுவேனா?" என்றாள் பாஞ்சாலி. பிறகு, அவர்கள் முகம் வாடிவிடக் கூடாதே என்று, "மோர் தர்றேன், குந்துங்க," என்றாள்.

மோரைக் கையில் வைத்துக்கொண்டே கலைமதி கோபியை அழைத்தாள். தப்பு தன்னுடையது என்று தொடங்கினாள். குடை, ஹெல்மெட், மோர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். கோபி கடைசிவரை கேட்டார்.

"சரி. இப்ப அந்த ஊர் நம்பர் என்ன?"

"தெரியாது சார். மறுபடி எடுக்கணும்."

"அந்தம்மாவ வச்சேவா?"

"அவங்கள வச்சுத்தான் சார்."

பூட்டைத் திறக்கக் காரணம் பதிய வேண்டும் என்றார் கோபி. மூன்று காரணங்கள் பட்டியலில் இருந்தன: களப்பணியாளர் பிழை, கருவிப் பிழை, சரிபார்த்தவர் பிழை. நடுவில் இருந்தது கலைமதியை மிகவும் இழுத்தது. குடையும் ஒரு கருவிதானே? யாருக்கும் கெடுதல் இல்லை. செண்பகம் மூன்றாவது டம்ளர் மோரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். மோரை யாரும் ஊதிக் குடிப்பதில்லை. டேப்லட் மடியில் கறுப்பாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருப்பதற்கே பாடுபட்டாள்.

கலைமதி மூன்றாவது காரணத்தைத் தட்டினாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவள் பெயருக்கு மறுநாளே வந்தது. டேப்லட் அப்போதே விழித்துக்கொண்டது. பிரான்சிஸின் ஏழாவது கேள்வி விட்ட இடத்தில் நின்றது.

சனிக்கிழமை குடை, ஹெல்மெட் இரண்டையும் தமிழ்மணி கடையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று போனார்கள்.

"ஐய, இங்க வேணாம்மா. குடைய பாத்தா ஹெல்மெட்டுக்காரன் டீ குடிக்க மாட்டான். ஹெல்மெட்ட பாத்தா குடைக்காரன் பாக்கிய தர மாட்டான். ஜல்தியா அந்தச் சாக்குக்கு அடியில தள்ளுங்க," என்றார் அவர்.

கத்திரி வெயிலில் வெறுந்தலையோடு இரண்டு பேரும் சனியும் ஞாயிறுமாக அந்த அறுபது வீட்டிலும் மறுபடி ஏறி இறங்கினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்களிடம் என்ன சொல்வதென்று ஊர் திணறியது. "மொதல்ல நீங்க யாரு ஆளுன்னு சொல்லுங்க," என்று பலர் பேரம் பேசினார்கள். ஒருவர் கலைமதியின் செருப்பின் நிறத்தை வைத்து ஒரு முடிவுக்கு வரப் பார்த்தார். கடைசியில் குடை இருபத்திரண்டு, ஹெல்மெட் இருபத்தொன்று, மற்றவை நான்கு. பதின்மூன்று பேர் சொல்லவில்லை.

யார் வெல்வார் என்று கூற இயலாது என்று கலைமதி அறிக்கை அனுப்பினாள். தொலைக்காட்சிக்கு அது பிடிக்கவில்லை. வேறொரு கம்பெனியின் எண்ணை மஞ்சள் எழுத்தில் ஓட்டினார்கள்; அதில் தசமப் புள்ளிகூட இருந்தது. பிறகு தேர்தல் நடந்து இருநூற்றுப் பதினேழு ஓட்டில் முடிவு வந்தபோது, இரண்டு பக்கத்தாரும் இது தங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள்.

அது பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அறுபதாவது வீட்டை முடித்து, திண்டிவனம் மேம்பாலத்தடியில் செண்பகத்தை இறக்கிவிட்டாள் கலைமதி. இருவர் முகமும் கேப்பைக் களி நிறத்துக்கு வந்திருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கலைமதி இரண்டு நாளாக ஒரு வாக்கியத்தை வைத்திருந்தாள். அது எந்த மொழியிலும் சரியாக அமையவில்லை.

"அக்கா, நான் அந்த மெயில அனுப்பியிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

"ஆமா, கூடாது," என்றாள் செண்பகம். டேப்லட்டைப் பைக்குள் வைத்துப் பையின் வாயை இரண்டு முறை சுற்றினாள். போகப் போனவள் திரும்பி வந்து ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், செய்வியா?"

"சொல்லுங்கக்கா."

"அந்தக் கேள்விக்குக் கீழ குடை, ஹெல்மெட்டு, மத்தது, தெரியாது, சொல்ல மாட்டேன்னு அஞ்சு கட்டம் வச்சிக்கிறாங்க இல்ல? மெட்ராஸ்ல சொல்லி ஆறாவதா ஒண்ணு போடச் சொல்லு. 'வந்தவங்க மனசு நோவக் கூடாதுன்னு சொன்னாங்க'ன்னு. அடுத்த தபா நான் பாதி ஊர அதுலதான் தட்டணும்."